செயற்கை நெரிசல்

மார்ச் 4, செவ்வாய்

புதுச் சிப் இன்னும் பிறக்கவில்லை. கணினிக்குள்தான் இருக்கிறது: கோர் என்கிற குட்டி மூளைகள் அறுபத்து நான்கு, அவற்றுக்கிடையே செய்திப் பொதிகளைச் சுமக்கும் வலை. அந்த வலைக்குள் பொய்ப் போக்குவரத்தை விட்டு, எங்கே மூச்சு முட்டுகிறது என்று பார்ப்பது என் வேலை.

வலையை வடிவமைத்தவர் அத்தான். அக்காவின் கணவர், என் மேலாளர். ஆபீசில் சார், வீட்டில் அத்தான், இரண்டு இடத்திலும் எமன்.

இதுவரை விட்டதெல்லாம் ஒரே மாதிரி. எந்தக் கோரும் எந்தக் கோருக்கும் குருட்டாம்போக்கில் அனுப்பும். வலை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நிஜ நிரல் அப்படியா நடக்கும்? எல்லாம் நினைவகம் இருக்கிற மூலைக்குத் திமுதிமுவென்று ஓடும். கேட்டதற்குப் பதிலும் திரும்பி வரவேண்டும். அப்படி ஒன்றை எழுதிப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 6

எழுதினேன். மூலைக்கு அதிகப் பங்கு. சீராக இல்லாமல், விட்டு விட்டுக் கொத்தாக. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில்.

வலை செத்தது.

கேள்விகள் பாதையை அடைத்துக்கொண்டன. பதில்கள் வெளியே வர வழியில்லை. பதில் வராமல் கேள்வியும் நகராது. என் தப்போ? பங்கைக் குறைத்தேன், கொத்தைச் சிறிதாக்கினேன். மறுபடி செத்தது.

பதில்களுக்குத் தனித் தடம் போட்டால் தீரும். சிப் பெரிதாகும், வடிவம் மாறும். அத்தானிடம் யார் சொல்வது?

மார்ச் 7

சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினார்.

"என் டிசைனைக் கொல்றதுக்குன்னே எழுதினியா?"

"இல்ல சார், நிஜமா நடக்கப்போறதைத்தான்—"

பின்கழுத்தைப் பிடித்து என் முகத்தை மேசையில் மோதினார். உதடு கிழிந்தது. கீபோர்டெல்லாம் ரத்தம்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல பழைய மாதிரியைத்தான் காட்டணும். இல்லேன்னா என்ன ஆகும்னு உங்கக்காவைக் கேளு."

கதவில் மோதிக்கொண்டேன் என்று வெளியே சொன்னேன். நம்பினார்கள். நம்புவதுதானே சுலபம்.

மார்ச் 8

அக்காவுக்கு மணிக்கட்டு உடைந்திருக்கிறது. டாக்டரிடம் அவள் சொன்னதும் கதவுதான். எங்கள் குடும்பத்தின் மேல் கதவுகளுக்கு என்ன கோபமோ.

"பழசையே காட்டிடறேன்க்கா. என்னாலதானே உனக்கு இப்படி."

மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். "நீ காட்டிட்டா அடிக்க மாட்டாராடி? கல்யாணம் ஆனதுலேர்ந்து அடிக்கிறார். அப்ப எந்தச் சிப்பு இருந்துச்சு?"



மார்ச் 11

கனவில் அவர் கழுத்தை நெரித்தேன். விழித்தபோது ஏமாற்றமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

தோள் வலி. எழுத்து கோணல்மாணல்.

பழைய மாதிரியைக் காட்டினேன். அத்தான் புன்னகைத்தார். அடுத்து என்னுடையதைப் போட்டேன். திரையில் தாமதத்தைக் காட்டும் கோடு சுவர்போல எழுந்து நின்றது.

"பதில் ஒண்ணுகூடத் திரும்பலையே," என்றார் சோதனைப் பிரிவின் தலைவி.

அத்தான் நாற்காலியைத் தூக்கினார். முதல் அடி என் தோளில் விழுந்தது. மறுபடி ஓங்கினார். மடிக்கணினியைப் பிடுங்கி அதன் விளிம்பால் அவர் முகத்தில் அடித்தேன். நொறுங்குகிற சத்தம். திரும்பவும் அடித்தேன். விழுந்துவிட்டார் — உதைத்தேன். போதும் போதும் என்று யாரோ கத்தினார்கள். எனக்குப் போதவில்லை. காவலாளிதான் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார்.

அடிக்க அடிக்க இனித்தது. சத்தியமாக. அதுதான் பயமாக இருக்கிறது. நானுமா?

மார்ச் 17

ஒரு கூட்டமே பார்த்துவிட்டது. இனி கதவைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு மூக்கும் போச்சு, வேலையும் போச்சு. விழுந்தவரை உதைத்ததற்கு என்மேலும் வழக்கு. உதைத்தது நிஜம், ஒப்புக்கொண்டேன். ஆபீஸ் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு என்னை விட்டுவிட்டது.

அக்கா காவல் நிலையத்தில் கட்டுக் கையோடு உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரம்மா நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மார்ச் 28

தனித் தடம் போட்டாயிற்று. என் நெரிசலை விட்டேன். வலை திணறியது. ஆனால் பதில்கள் வந்தன.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காலையில் பாத்திரம் கழுவும்போது கண்ணாடி டம்ளர் ஒன்று அவள் கை நழுவி விழுந்து உடைந்தது. குனியாமல், மூச்சுவிடாமல், என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் கையை.

சட்டென்று இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "டம்ளர்தானேக்கா."

"கோவம் வரலையா?"

"ஜோடி போச்சேன்னுதான்."

பிறகு மிச்சமிருந்த இன்னொன்றை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, தரையில் போட்டாள். சில்லுச் சில்லாய்ப் போனது. முதலில் அவள்தான் சிரித்தாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

துடைப்பத்தை நான் எடுத்தேன். முறத்தை அவள் பிடித்தாள்.