உறுப்பினர் எனப்படுபவர்

இரணைமடு இடதுகரை,
கிளிநொச்சி.
10.02.2025

அன்புள்ள ராஜரத்தினம்,

கால் எப்படி இருக்கிறது? தொடையில் தகடு வைத்த ஆள் மூன்று மாதத்துக்கு அசையக்கூடாது என்று டொக்டர் சொன்னதை உமது மகள் நிசாந்தினி எனக்கும் சொன்னவள். மகள் வீட்டில் நல்லாய்ச் சாப்பிட்டுக்கொண்டு கிடவும். ஷெல் உமது காதைக் கொண்டுபோன நாளிலிருந்து உம்மோடு போனில் கதைக்கிறதும் சுவரோடு கதைக்கிறதும் ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன். வவுனியாவுக்குப் போய்வருகிற பிரதாபன் கொண்டுவந்து தருவான்.

விசயம் இதுதான். புதிய அரசியல் யாப்புக்குச் சனத்தின் கருத்தைக் கேட்கிறோம் என்று கொழும்பிலிருந்து ஒரு அமைப்பு வருகிறதாம். மாவட்டம் மாவட்டமாய் அமர்வு வைத்துக் கேட்டு, எழுதி, மேலே கொடுப்பார்களாம். மேலே இருக்கிறவர்கள் அதில் கடலை சுற்றுவார்கள். இருந்தாலும் முப்பது வருடம் குடியியல் படிப்பித்த வாய் சும்மா கிடக்குமா? இந்த வாய்க்காலில் வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் ஒரு அறிக்கை எழுதுகிறேன்.

பாரும் இவர்களின் கூத்தை. வெள்ளைக்காரன் விட்டுப்போன யாப்பில் இருபத்தொன்பதாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். சுதந்திரம் கிடைத்த அதே வருடம் மலையகச் சனத்தின் குடியுரிமை போயிற்று! எப்படிப் போயிற்று? உங்கள் ஆக்களின் பெயரைச் சட்டத்தில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. ‘பிரசை எனப்படுபவர் யார்’ என்று ஒரு வரைவிலக்கணம் மட்டும் எழுதினார்கள். அவ்வளவுதான். வழக்கு லண்டன் வரை போனது. அங்கே இருந்த பெரிய தலைகளும் இதில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். எழுபத்திரண்டில் அந்தப் பிரிவையே தூக்கிக் குப்பையில் போட்டார்கள். எழுபத்தெட்டில் இன்னொரு யாப்பு, அதற்கு இருபதுக்கு மேல் திருத்தம். கட்டின சாரத்துக்குக்கூட ஒருவன் இவ்வளவு ஒட்டுப் போடமாட்டான். வெட்கம் கெட்டதுகள்.

எல்லாம் மாறியும் மாறாமல் இருப்பது ஒன்றுதான். யார் ஆள், யார் ஆளில்லை என்று சொல்கிற உரிமையை மட்டும் இவர்கள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. என் அறிக்கையின் முதல் வசனமே இதுதான்.

எனக்கு உம்மிடமிருந்து ஒன்று வேண்டும். உமது தகப்பனாரின் பிரசாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்ட கதை. பிரிவும் இலக்கமும் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஒரு மனுசனின் கதையைச் சொன்னால் தலையை நிமிர்த்துவார்கள். விபரமாய் எழுதி அனுப்பும்.

உமது நண்பன்,
தயாபரன்


வவுனியா.
18.02.2025

மதிப்பும் அன்பும் உள்ள தயாபரன்,

கடிதம் கிடைத்தது. கால் பரவாயில்லை. தடி ஊன்றிக் கிணற்றடி வரைக்கும் போய்வருகிறேன். மகள் ஏசுகிறாள்.

அப்பாவின் கதையைக் கேட்டிருந்தீர்கள். அவர் பெயர் பொன்னையா, உங்களுக்குத் தெரியும். அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டம். ஐம்பத்தோராம் ஆண்டு படம் பிடித்து ஒட்டி, விண்ணப்பம் போட்டார். அதற்கு முதல் ஒருமுறை அம்மா தன் தாயின் சாவுக்கு இந்தியா போயிருக்கிறார். போன இடத்தில் மூத்த அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. திரும்பிவரப் பதினாலு மாதம். விசாரணைக்கு வந்த துரை, “உன் பெண்சாதி இங்கே நிரந்தரமா இருக்கல்ல. அதனால நீயும் நிரந்தரம் இல்ல” என்றாராம். அப்பா, “நான் எங்கயும் போகலீங்களே ஐயா, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கிட்டுல்ல இருந்தேன்” என்றாராம். துரை சிரித்துக்கொண்டே சீல் குத்தினாராம். எழுபத்தேழுக் கலவரத்தோடு கிளிநொச்சிக்கு ஓடிவந்தவர், பிறந்த நாட்டில் ஒரு வாக்குப் போடாமல் எண்பத்தாறில் அங்கேயே செத்துப்போனார். எனக்கு அடையாள அட்டை கிடைத்தபோது வயது நாற்பத்தைந்து. அந்தச் சட்டத்தை எழுதினவர்களின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல் இருக்கும். துப்புவதற்கு இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டும். சித்திரையில் சிறுபோக விதைப்புத் தொடங்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது என்பதால், விதைக்கிற ஏக்கரை உறுப்பினர்களுக்குள் பங்கிடுவீர்களே, அதில் என் பெயரை மறந்துவிடாதீர்கள். நான் இங்கே கிடக்க, வீட்டுக்காரி அழகம்மா தனியாக நின்று மழைக்கு விதைத்த காலபோக நெல்லை வெட்டுவிக்கிறாள். காணிக்காரர் கனடாவிலிருந்து, சிறுபோகம் செய்யாவிட்டால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்கிறார். இருபத்திரண்டு வருடம் நான் பற்றை வெட்டி, வரம்பு கட்டித் திருத்திய மூன்று ஏக்கர். அது போனால் எனக்கு வேறு வழி இல்லை.

வீட்டில் விமலேஸ்வரி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
பொ. ராஜரத்தினம்


கிளிநொச்சி.
05.03.2025

அன்புள்ள ராஜரத்தினம்,

சோக்கான கதை! வாசித்துக்காட்ட விமலேஸ்வரி அழுதுவிட்டா. “எங்கள் மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கிய பாவம்” என்று முடித்திருக்கிறேன். இதைக் கேட்டும் அசையாதவன் மனுசனே இல்லை. கடைசிப் பக்கத்தில் உமது கையெழுத்து வேண்டும், அந்தப் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். கொழும்பு அமைப்பு ஏப்ரல் எட்டாம் திகதி கிளிநொச்சியில் அமர்வு வைக்கிறது.

சிறுபோகத்தைப் பற்றி மண்டையைப் போட்டு உடைக்காதேயும். எங்கள் அமைப்பின் யாப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்யவேண்டியிருந்தது. நிர்வாக ஒழுங்குதான். நீர் வந்தபிறகு ஆறுதலாய்க் கதைப்போம். முதலில் காலைப் பாரும்.

அன்புடன்,
தயாபரன்


வவுனியா.
16.03.2025

அன்புள்ள தயாபரன்,

நேற்று அழகம்மா வந்தாள். அந்தச் சின்னத் திருத்தத்தை அவள் வாயால்தான் கேட்டேன்.

பொதுக்கூட்டம் என்று கேள்விப்பட்டு எனக்குப் பதிலாகப் போயிருக்கிறாள். வாசலிலேயே மறித்தார்களாம். “அக்கா, நீங்கள் உள்ளுக்கு வரேலாது. இது உறுப்பினர் கூட்டம்.” “என் புருசன் உறுப்பினர் இல்லையா?” என்று கேட்டிருக்கிறாள். “இப்ப இல்லை” என்றார்களாம். வெய்யிலில் வேலிக்கரையில் நின்று, உள்ளே நீங்கள் வாசித்ததை முழுவதும் கேட்டிருக்கிறாள். ‘உறுப்பினர் எனப்படுபவர் காணிப் பெர்மிட்டில் பெயருள்ளவர் அல்லது அவரது வாரிசு.’

ஐயா செயலாளரே, 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அமைப்பைப் பதிய நாற்பது தலை தேவைப்பட்டது. உங்களிடம் இருந்தது இருபத்தைந்து. அப்போது நீங்கள்தான் எங்கள் குடிலுக்கு வந்து, ஒரு கொப்பியில், ‘காணியைச் செய்பவர் எவரும் உறுப்பினர்’ என்று உங்கள் கையால் எழுதினீர்கள். நாங்கள் பதினெட்டுப் பேர், எல்லாரும் மலைநாட்டிலிருந்து வந்த குத்தகைக்காரர், கையெழுத்துப் போட்டோம். அப்போது எங்கள் தலை எண்ணத் தேவைப்பட்டது. இப்போது தண்ணீரைப் பங்கு போடும்போது அதே தலை கூடிப்போய்விட்டதோ?

யாப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாற்பத்துமூன்று பேரும் இருந்தால் உங்களுக்கு அது சரிவராது. அதனால் புதிய வரைவிலக்கணத்தை முதலில் நிர்வாகக் குழுவில் எடுத்து, எங்களை நீக்கி, மிச்சப் பேரை வைத்து அதே வரைவிலக்கணத்துக்கு வாக்கெடுத்திருக்கிறீர்கள். கெட்டித்தனம்தான்! நாற்பத்தெட்டாம் ஆண்டு பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் உங்களைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

உள்ளே ஒரு கை எதிர்த்து உயர்ந்ததாம். உங்கள் வீட்டிலிருந்தே, விமலேஸ்வரி அக்காவின் கை. தகப்பன் வழிக் காணி தன் பெயரில் இருப்பதால் அவரும் உறுப்பினர். நீங்கள் கூட்டறிக்கையில் ‘ஏகமனதாக’ என்று வாசித்தீர்களாம். அதையும் அழகம்மா கேட்டிருக்கிறாள்.

இது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்புகிறேன்.

ராஜரத்தினம்


கிளிநொச்சி.
22.03.2025

அன்புள்ள ராஜரத்தினம்,

உமக்குக் கோபம் வரும் என்று தெரியும். அழகம்மா வேலிக்கரையில் நின்று கேட்டதை வைத்து நீர் என்னோடு வழக்குப் பேசுகிறீர். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் வாயை நீர் அறியாதவரா? “மாஸ்டர், குத்தகைக்காரரை வைச்சுக்கொண்டு எங்கட பிள்ளையள் அரை ஏக்கரோட கிடக்கிறதோ?” என்று நெஞ்சுக்கு நேரே வந்து கேட்கிறார்கள். நான் என்ன செய்ய? செயலாளர் என்பவன் சபை சொல்வதை எழுதுகிறவன். ஒரு கைக்காக ஏகமனது இல்லையென்று எழுதினால் கமநலத் திணைக்களத்தில் நூறு கேள்வி கேட்பார்கள். வீட்டில் விமலேஸ்வரி கூட்டம் நடந்த நாளிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அது போதாதென்று இப்ப நீரும்.

நாட்டின் யாப்போடு இதை ஒப்பிடுவது விசர்க் கதை. நாடு வேறு, அமைப்பு வேறு. அது இனவாதம், இது நிர்வாகம். உமது பெயரைக் குறித்து ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா? நீரே பாரும்.

உம்மை நான் கைவிடவில்லை. உம்மைக் கௌரவ உறுப்பினராக்க ஒழுங்கு செய்துவிட்டேன். வாக்கும் பங்கும் இல்லை, ஆனால் கூட்டத்துக்கு வந்து முன் கதிரையில் இருக்கலாம். சிறுபோகத்துக்கு என் பங்கில் ஒரு ஏக்கர் நீர் செய்யும். பதிவு என் பெயரில் இருக்கட்டும், கேட்டால் எனக்கு வேலைக்கு நிற்கிறதாய்ச் சொல்லும். உமது தகப்பனும் எங்கள் காணியில் வேலைக்கு நின்றவர்தானே? ஒருவரும் குறைவாய் நினைக்கமாட்டார்கள்.

கையெழுத்துப் பக்கம் இன்னும் வரவில்லை. எட்டாம் திகதிக்கு முதல் அனுப்பும். எங்கள் பிரச்சினை வேறு, இனத்தின் பிரச்சினை வேறு.

அன்புடன்,
தயாபரன்


வவுனியா.
03.04.2025

கமக்காரர் அமைப்பின் செயலாளர் திரு. தயாபரன் அவர்களுக்கு,

கனடாக்காரர் நேற்று நிசாந்தினியோடு கதைத்தார். தண்ணீர்ப் பங்கு இல்லாத ஆளுக்குக் காணி எதற்கு என்றாராம். மூன்று ஏக்கரையும் உமது மகன் ரஜிதனுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டாராம். ரஜிதன் பெர்மிட்காரரின் வாரிசு, அவனுக்குப் பங்கு உண்டு. எல்லாம் நிர்வாக ஒழுங்குதான். நான் திருத்திய நிலத்தில் உமது பிள்ளை விதைக்கட்டும். வரம்பு நன்றாக இருக்கிறது, அவனுக்கு அதிகம் வேலை வராது.

உமது ஒரு ஏக்கர் எனக்கு வேண்டாம். முன் கதிரையும் வேண்டாம். அறுபத்தாறு வயதில் உமக்கு வேலைக்கு நிற்கிற ஆளாக என்னைக் கேட்க உமக்கு எப்படிக் கை வந்தது? அப்பா உங்கள் காணியில் நின்றார், உண்மை. உண்ண வேறு வழியில்லாமல் நின்றார். அதை அவருக்குச் செய்த உபகாரம் போல எழுதியிருக்கிறீர். அட, சீ! ஷெல்லுக்குப் பயந்து ஒரே பங்கருக்குள் ஒன்பது நாள் உம்மோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன், அந்த ஆள்தானா இது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். நீர் அவ்வளவு யோசனைக்குரிய ஆள் இல்லை.

கையெழுத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

கொழும்பு அமைப்பு உங்களிடம் வரமுதல் வவுனியாவில் அமர்வு வைத்தது. முந்தநாள் மருமகன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் மூன்று பேர் மேசை போட்டு இருந்தார்கள். நடுவில் இருந்த பெண்பிள்ளை ஒரு சட்டத்தரணி. எனக்குக் காது கேளாது என்று அறிந்து கேள்விகளைப் பேப்பரில் பெரிதாக எழுதிக் காட்டினாள். நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். பதினாலு மாதத்தையும் சொன்னேன், துரை சீல் குத்தினதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதினாள்.

பிறகு பேப்பரில், ‘இன்று உங்கள் நிலை என்ன?’ என்று எழுதிக் காட்டினாள்.

அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, நாட்டின் யாப்பில் நான் பிரசை, அதில் ஒரு குறையும் இல்லை என்றேன். எங்கள் வாய்க்காலின் யாப்பில்தான் போன மாதம் என்னை நீக்கிவிட்டார்கள் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பதினெட்டுப் பேரை எப்படி நீக்கினார்கள் என்று முதலிலிருந்து சொன்னேன். வேலிக்கரையில் அழகம்மா நின்றதைச் சொன்னேன். விமலேஸ்வரி அக்காவின் கையையும் சொன்னேன். அப்படியும் ஒருவர் இருந்தார் என்று எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை புதிய பேப்பர் ஒன்றை எடுத்தாள். பிறகு, ‘செயலாளரின் பெயர் என்ன?’ என்று எழுதிக் காட்டினாள்.

உமது பெயரை நான் சொல்லவில்லை. எட்டாம் திகதி கிளிநொச்சியில் ஒரு மாஸ்டர் வருவார், என் அப்பாவின் கதையைக் கண் கலங்கச் சொல்வார், அவர்தான் என்றேன்.

பொ. ராஜரத்தினம்