ஏணி பிடித்தவனுக்கு

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி மகேஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம். உன் சேதி தெரியாததுதான் தவிப்பு. முப்பது தடவை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. உன் சூரத் முகவரியை உன் சிநேகிதன் அச்யுத்திடம் சண்டை போட்டு வாங்கினேன்.

உன் அத்தான் வாக்கர் வைத்து வாசல்வரை நடக்கிறார். தொடையில் வைத்த பிளேட் சரியாக உட்காரவில்லையாம். இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வேலை செய்யும்போது பட்ட அடி என்றால் வைத்தியச் செலவை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கடை குடோன் ஏணியிலிருந்து விழுந்த இந்த மனுஷன், ஆஸ்பத்திரியில் 'வீட்டில் ஸ்டூலில் ஏறி விழுந்தேன்' என்று சொல்ல, அவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். நம் வீட்டில் ஏறி எடுக்க ஒட்டடையைத் தவிர என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரி பில்லிங்கில் வஜீஹா என்று ஒரு பெண். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். பேண்டேஜ் முதல் பிசியோதெரபி வரை ஒவ்வொரு பில்லையும் டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பின் அடிக்கிறாள். சீட்டு இல்லாவிட்டால் அவர்கள் ஆஸ்பத்திரி பில்லையே திருப்பி அனுப்புகிறாள். அடிபட்ட அன்று அவர் மேலிருந்து வெட்டி எடுத்த சட்டையில் கடைப் பெயர் இருந்ததைப் பார்த்தவளும் அவள்தான். "கடை யூனிஃபார்ம் போட்டுக்கினு வூட்ல இன்னாத்துக்குக்கா ஸ்டூல் மேல ஏறினாரு?" என்று கேட்டாள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஏணியைப் பிடித்திருந்தவன் மேல் கேஸ் வருமா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் விழுந்த அன்று சாயங்காலமே நீ ஏன் ரயில் ஏறினாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வஜீஹா, அந்த ஸ்டூல் கதை எழுதியிருந்த ஆஸ்பத்திரி ஃபாரத்தைத் திருப்பிக் காட்டி, "வேலை எடத்துல அடிபட்டீங்களான்னுதான் சார் கேக்குது. யார் தப்புன்னு எழுத இதுல எடமே இல்ல" என்றாள். பழைய எழுத்தை அடிக்க விடவில்லை. டாக்டரைக் கூட்டி வந்து, அதன் கீழேயே உண்மையைத் தேதி போட்டு எழுத வைத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உன் அத்தானை இவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று நான் நினைத்ததில்லை. அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

முதலாளி மட்டும் இன்னும் அசையவில்லை. விழுந்ததைப் பார்த்தது யார் என்கிறார். குடோனில் அன்று உங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. பதினெட்டாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்தாயோ, இரண்டையும் எடுத்தாயோ, நான் கேட்க மாட்டேன். அவர் குடோனில்தான் விழுந்தார் என்று வந்து சொல்.

அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். சாட்சிக்குக் கூப்பிட்டால் பயந்துவிடுவான், விட்டுவிடு என்கிறார். எனக்கு இரண்டு பேரும் வேண்டுமடா. நூறு வருஷம் நன்றாக இரு. இங்கே வந்து இரு.

உன் அக்கா,
தேவானை