வளைகாப்புப் படத்தில் பார்த்தது

தல்லாகுளம், மதுரை
ஞாயிறு மாலை

அன்புத் தங்கை பாண்டீஸ்வரிக்கு,

அக்கா தாமரைச்செல்வி எழுதுவது. நீயும் சூரியபிரகாஷ் தம்பியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம்.

நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். நாளைக்கு முதல் பஸ்ஸில் மாமா ஆரப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் புறப்படுகிறார். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் அவரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. என்னைத் திட்டுவதானால் திரும்பி வந்து திட்டு.

வளைகாப்புக்கு மறுநாள் நான் போன் செய்து, பிரஷர் பார்த்தாயா, யூரின் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டபோது நீ சிரித்தாய். "தலவலி மட்டுந்தான்க்கா. கூட்டத்துல நின்னது" என்றாய். நான் விடாமல் கேட்கவும் போனை வைத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். "ஒனக்குக் கெடைக்கலைன்னு அவளையும் பயங்காட்டுவியா? பொறாமைய வச்சுக்கிட்டு பிள்ளத்தாச்சிகிட்டப் பேசாதடி" என்று கத்தினாள். அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாதான் எடுக்க வேண்டாம் என்றிருப்பாள்.

அம்மா சொன்னது பொய்யில்லை. எனக்குப் பொறாமைதான். வளைகாப்புக்கு நான் வரவேண்டாம் என்று அவள் சொன்னாள். "பாக்குறவுக ஒண்ணு சொல்லுவாகத்தா." சரி என்றேன். அன்றைக்கும் வழக்கம்போல கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனேன். ஒரு வக்கீலின் பத்திரத்தைத் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். மத்தியானம் நீங்கள் அனுப்பிய படங்கள் வந்தன.

பச்சைப் பட்டு. ஏழாம் மாதத்தில் எனக்கு எடுக்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த அதே பச்சை. உன் கன்னத்தில் சந்தனம் தடவும்போது அவள் முகம் எப்படிப் பூரித்திருந்தது! அந்த முகத்தை எனக்கு அவள் காட்டி ரொம்ப நாளாகிறது. சூரியபிரகாஷ் உன் பின்னால் நின்று உன் வயிற்றில் கைவைத்திருக்கிற படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு எரிந்துதான் பார்த்தேன். உனக்கு ஏதாவது ஒரு குறை இருக்காதா என்றுதான் தேடினேன், பாண்டி. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அப்படித் தேடினதால்தான் எனக்குத் தெரிந்தது.

வந்தவர்களெல்லாம் உன் வளையலைப் பார்த்திருப்பார்கள். நான் உன் விரலைப் பார்த்தேன். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் விரலில் இல்லை. கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறாய். இமைகள் தடித்து, கண் சின்னதாகிவிட்டது. செருப்பு வார் அழுத்தின இடம் காலில் பள்ளமாக இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு கடைசியாக எடுத்த என் படத்தில் நானும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை என்று மட்டும்தான் உனக்குச் சொன்னார்கள். அப்போது உன் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் கிட்னியில் கோளாறு என்று தெரிந்தால் உன்னையும் வேண்டாம் என்றுவிடுவார்கள் என்று பயந்து, அப்பாவின் வாயையும் அம்மா அடைத்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கை கால் வீங்கியது. "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. தலைவலி வந்தது. வெயில் என்றார்கள். பிறகு கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, நெஞ்சுக்குக் கீழே வலித்தது. மாமா ஆட்டோ கூப்பிடப் போன நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தேன். எனக்கு நினைவு திரும்பியபோது பிள்ளை இல்லை. பையன் என்று மாமாதான் சொன்னார். என்னிடம் காட்டவில்லை.

அதோடும் முடியவில்லை. பல மாதம் கழித்தும் என் யூரின் நுரைத்துக்கொண்டே இருந்தது. கிட்னி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கிட்னிக்குள்ள சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. சில செல்லுக அதைக் கால் ஊன்றிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கர்ப்பத்துல இந்தப் பிரஷர் வந்தா சிலருக்கு அதுக பிடி விட்டு யூரின்ல போயிரும். சல்லடை ஓட்டையாகி, உடம்புல நிக்க வேண்டிய புரதம் வெளிய போகுது. உதிர்ந்த செல்லு லேசுல திரும்ப முளைக்காது. இருக்கிறதைக் காப்பாத்துவோம்." இன்னொரு பிள்ளை பெற என் கிட்னி தாங்காது என்றும் அவர்தான் சொன்னார். மாத்திரை தினமும் உண்டு. உப்பு குறைத்துச் சாப்பிடுகிறேன். என் சமையல் சப்பென்று இருக்கிறது என்று நீ கேலி செய்வாயே, அது இதனால்தான்.

அக்காவுக்கு வந்திருந்தால் தங்கைக்கு வர வாய்ப்பு கூடுதலாம். இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா என்று உன் டாக்டர் கேட்டபோது, இல்லை என்றுதான் நீ சொல்லியிருப்பாய். பாவம், உனக்கு என்ன தெரியும்? இன்றைக்குப் போய், இருக்கிறது என்று சொல். என் பெயரைச் சொல். உன் மாமியாருக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

நான் பொறாமைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ கிளம்பு, என் கண்ணு.

உன்னை நினைத்தே உட்கார்ந்திருக்கும்,
அக்கா தாமரைச்செல்வி


தல்லாகுளம்
தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை

அன்பு பாண்டிக்கு,

நீயும் உன் மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று மாமா சொன்னார். மனசு குளிர்ந்தது.

அன்றைக்கு நீ கடிதத்தைப் பாதியில் மடித்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் "வாங்க மாமா, போவோம்" என்று எழுந்தாயாமே. பிரஷரைப் பார்த்த நர்ஸ் உன்னை நடக்கவே விடவில்லையாம். யூரினில் புரதம் போகிறது என்று தெரிந்து அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போது மாமா அழுதுவிட்டார். எனக்கு நடந்தபோதுகூட அவர் என் முன்னால் அழுததில்லை.

வலிப்பு வராமல் ஊசி போட்டு, பிரஷரை இறக்கி, பிள்ளையை வயிற்றிலேயே முடிந்தவரை வைத்திருந்து எடுத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை இருக்கிற படத்தைப் பார்த்தேன். அம்புட்டுச் சின்ன முகத்தில் உன் மூக்கு அப்படியே இருக்கிறது. யூரின் நன்றாகத் தெளிந்துவருகிறது என்று டாக்டர் சொன்னாராமே. அதற்காக டெஸ்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடாதே. வருஷா வருஷம் பிரஷரையும் யூரினையும் பார்த்துக்கொள். இது மறைந்திருந்து திரும்பி வருகிற ஜாதி.

அம்மா போன் செய்தாள். கருப்பசாமி காப்பாற்றினார், கிடா வெட்ட வேண்டும் என்றாள். பழைய பேச்சு எதையும் அவள் எடுக்கவில்லை. கடைசியில் மட்டும், "நீ சாப்ட்டியாடி?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

நீ அனுப்பின குரல் பதிவையும் கேட்டேன். என்னால்தான் உயிரோடு இருக்கிறாய் என்கிறாய், இன்னும் உனக்குப் பொறாமையாக்கா என்றும் கேட்டிருக்கிறாய். மறைப்பானேன்? இருக்கிறது. முன்னைவிடக் கூடத்தான் இருக்கிறது. ஆனால் அது பட்டுக்காக இல்லை, அம்மாவின் பூரிப்புக்காக இல்லை, பிள்ளைக்காகக்கூட இல்லையடி. கால் வீங்கினபோது, கண்ணில் பூச்சி பறந்தபோது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பதறுகிற ஓர் அக்கா உனக்கு இருந்தாள். எனக்கு யாருமில்லை. அதை நினைத்துத்தான் பொறாமை.

மகளுக்கு நூறு ஆயுசு. உனக்கும் அப்படியே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வரும்போது, ஆரப்பாளையத்தில் இறங்கினதும் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வண்டி பிடித்துவிடாதே. அம்மா என்ன சொன்னாலும் சரி, முதலில் என் வீட்டுக்கு வா. வந்து, ஒன்றும் பேசாமல் உன் மகளை என் மடியில் போடு. நான் திருப்பித் தரக் கொஞ்ச நேரமானால் பொறுத்துக்கொள்.

உன் மகளின் பெரியம்மா,
தாமரைச்செல்வி