பெரியவள் பழகின பாட்டு

ஆவணி 9, செவ்வாய்

பியானோ போட்டிக்குப் பாட்டு முடிவு பண்ண, சின்னவளைக் கூட்டிக்கினு செவிலிமேட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒரு துள்ளல் பாட்டு பிடிச்சிருந்தது. டீச்சரும் சரின்னாங்க. நான்தான், பெரியவள் சாகறதுக்கு முன்னாடி பழகிக்கினு இருந்த பாட்டையே வாசிக்கட்டும்னு சொன்னேன்.

“அக்கா நடுவுல ஒரு இடத்துல எப்பவும் தடுமாறுவா. நானும் அங்க தடுமாறணுமா, அம்மா?”ன்னு கேட்டாள்.

டீச்சர் எதிரிலேயே அறைஞ்சிட்டேன். அவள் அழல. பஸ்ஸில் என் பக்கத்துல இடம் இருந்தும் உட்காராம, கம்பியைப் பிடிச்சிக்கினு நின்னே வந்தாள்.

அவள் கேட்டது நியாயம்தான். அவள் ஜெயிக்கணும்னு நான் அந்தப் பாட்டைச் சொல்லல. எனக்கு அதை இன்னொரு தடவை கேட்கணும், அவ்வளவுதான். சாயங்காலம் டீச்சருக்கு போன் போட்டு, போட்டிக்குப் பெரியவள் பாட்டையே எழுதிக்கச் சொல்லிட்டேன். சின்னவளிடம் இன்னும் சொல்லல.