பின்கட்டடத்துக்குக் கணித ஆசிரியர் கேட்டு

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி,
பின்கட்டடப் பிள்ளைகள் கூட்டமைப்புக்காக,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: நிறம் பார்த்து வகுப்புப் பிரிப்பதை நிறுத்தவும், பின்கட்டடத்துக்குக் கணித ஆசிரியரை நியமிக்கவும், எனக்கு மட்டும் தந்த இடத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் முந்தைய மனுக்கள் எல்லாம் பரிசீலனையில் இருப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அவை அங்கேயே இருக்கட்டும். எழுதி எழுதிக் கை சலித்துவிட்டதால் இதைச் சுருக்கமாக எழுத முயல்கிறேன்.

1. எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள். முன்கட்டடத்தில் கணிதமும் அறிவியலும். பின்கட்டடத்தில் உபசரிப்புப் பயிற்சி, அதாவது மேசை விரிப்பது, துண்டு மடிப்பது, தட்டேந்தி நடப்பது. தகுதித் தேர்வு வைத்துப் பிரித்ததாகப் பள்ளி சொல்கிறது. எங்களில் எவரும் அப்படியொரு தேர்வை எழுதியதில்லை. சேர்க்கை நாளில் எங்கள் நிறத்தையும் முடியையும் பார்த்தார்கள், பின்பக்கம் கையைக் காட்டினார்கள். தாத்தா காலத்திலேயே இங்கு குடியேறியவர்கள் நாங்கள். இன்னமும் "புதுசா வந்தவங்க" என்றுதான் பெயர்.

2. கணிதத்தில் தேறாமல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே கூட்டமைப்பைத் தொடங்கினோம். பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கொட்டகையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். பாதிக் கணக்கில் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டு முழிப்போம். பெற்றோர் தினத்தன்று தேநீர் பரிமாற மறுத்தோம். மறுநாளே கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. பயிற்சி மதிப்பெண் போய்விடும் என்று மிரட்டியதும் மீண்டும் தட்டைத் தூக்கினோம்.

3. பின்பு தலைமையாசிரியர் எனக்கு முன்கட்டடத்தில் இடம் தந்தார். மற்றவர்களைப் பற்றிக் கேட்டேன். "முதல்ல நீ போம்மா, மத்ததைப் பிறகு பார்ப்போம்" என்றார். நான் தயங்கியபோது என் தோழிதான், "போடி, ஒருத்தியாவது உருப்படட்டும்" என்று தள்ளிவிட்டாள். போனேன். பாடம் நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை ஐயா, எனக்கு ஆசையாகவே இருந்தது.

4. தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று முன்கட்டடத்தில் எங்கள் வகுப்பிலும் அமர்ந்தீர்கள். தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்தவள் அதே தோழி. பழக்க தோஷத்தில் நான் எழுந்து தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை கனிவாகத்தான் சொன்னார்: "உட்காரும்மா, நீ இப்ப இந்தப் பக்கம்." தோழி என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். தாங்களும் சிரித்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நினைவிருக்கக்கூடும் என்பதால் குறிப்பிடுகிறேன். அன்று முதல் அந்த பெஞ்சில் உட்கார உடம்பு கூசுகிறது.

5. தங்கள் அலுவலக எழுத்தர், "உனக்குத்தான் இடம் கிடைச்சிருச்சே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மனு.

பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்க இம்மாதக் கடைசிதான் கெடு. அதற்குள் பின்கட்டடத்துக்கு ஒரு கணித ஆசிரியரை அனுப்புங்கள். அவர் வரும்வரை கொட்டகையையாவது திறந்துவிடச் சொல்லுங்கள். என் இடத்தை ரத்து செய்யுங்கள். நாளை முதல் நான் பின்கட்டடத்தில்தான் இருப்பேன்.

இதை என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு முன்கட்டடத்தில் இடம் கிடைத்துவிட்டதென்று அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். விஷயம் அவர் காதுக்கு எட்டுவதற்குள் ஆசிரியர் வந்து சேர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இடம்: பின்கட்டடம்
நாள்: பிப்ரவரி 11

பணிவுடன்,
(ஒப்பம்)
கூட்டமைப்புக்காக