கோட்டை நிலவறையில் அணைந்த சுடர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நான் வேலை செய்யும் மது ஆலையின் தொட்டிகளில் திராட்சைச் சாறு நொதிக்கும்போது வரும் நச்சுக்காற்றை வெளியேற்ற ஒரு விசிறி பொருத்தினேன். குழாயைச் சுவரில் இருந்த பழைய ஓட்டையில் விட்டேன். அது பக்கத்துக் கோட்டையின் நிலவறைக்குப் போகுமென்று தெரியாது. இவ்வூரார் அறுவடை மாதத்தில் மெழுகுவர்த்தி இல்லாமல் நிலவறையில் இறங்குவதில்லை; நச்சுக்காற்று இருந்தால் சுடர் அணைந்துவிடுமாம். நான் அதைக் கேலி செய்தவன். நேற்று கோட்டைச் சாவி வைத்திருக்கும் ஒதீல் இறங்கும்போது பாதிப் படியில் சுடர் அணைந்ததாம். திரும்பி ஓடிவந்ததால் பிழைத்தார். நேரே என்னிடம் வந்து கத்தினார்:

“ஏம்ப்பா இன்ஜினியரு, அந்த ஓட்டை எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? என்னை அங்கயே புதைக்கப் பாத்தியே!”

குழாயை மாற்றிவிட்டேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பு. நாய் என்னைத் தேடுகிறதா என்று எழுது. அப்பா ஆப்பிள் மதுத் தொட்டியைக் கழுவ இறங்குமுன் மெழுகுவர்த்தியை உள்ளே விட்டுப் பார்க்கட்டும். சிரிப்பார். நானும் சிரித்தவன்தான் என்று சொல்.

அவசரமாக,
மாலோ