அறுபது துண்டு

ரங்கூன், 9 பிப்ரவரி 2014

மெனாஷே அண்ணனுக்கு,

பெரிய நோட்டுகள் செல்லாது என்று ரேடியோ சொல்லி, கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அரசாங்கம் தன் பலகை மாட்டிய வருஷம் நீ சிட்னிக்குக் கப்பலேறினாய். அப்பா ஓதிய, தோலில் எழுதிய வேதச்சுருளையும் போர்வையில் சுற்றி எடுத்துப் போனாய். "இங்க ஆள் இல்லாம கரையான் தின்னும்டா ஹெஸ்கேல், அங்க தொழுகைக்கூடத்துல வச்சிடுறேன்" என்றாய். ஐம்பது வருஷம் அதை நம்பித் தூங்கினேன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல ரிவ்கா எழுதுகிறாள். இங்கே யூதர் இல்லம் திறந்திருக்கிற மதகுரு, ரபி நஃப்தலியின் பெண்டாட்டி. ஊரில் மிஞ்சிய நாங்கள் ஏழெட்டுப் பேர், முதுகில் மூட்டையோடு நாடு சுற்றும் பிள்ளைகள் இருபது பேர், எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை ஒரே மேசை. வந்தவனை யார் என்று கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள்.

போன செவ்வாய் உன் ஊர்ப் பெண் தாலியா வந்தாள். பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் தோல்.

"ரபி, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்களேன். அம்மாவுக்குப் பரிசு."

நஃப்தலி முகம் செத்துவிட்டது. "யாரும்மா இதை வெட்டினது?"

"நான் வெட்டலையே! கண்காட்சில அறுபது துண்டு தொங்கிச்சு. அழகா இருந்துச்சு, வாங்கினேன்."

எழுத்து எனக்குத் தெரியாது. சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடிக்குள் ஒட்டுப்போட்ட தையல். ஜப்பான்காரன் சண்டைக்காலத்தில் இந்தியாவுக்கு நடந்தோமே, மழையில் கிழிந்த சுருளை அப்பா தைத்தபோது இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஓரத்தில் ஒரு சீட்டு. ரிவ்கா படித்தாள்: பர்மா யூதர் பழம்பொருள், உரிமையாளர் மெனாஷே மோர்தெகாய்.

மத்தியானம் தின்ற மீன் உருண்டை வெளியே வந்துவிட்டது. கை தவறிச் சுருள் விழுந்தாலே பார்த்தவனெல்லாம் நோன்பிருக்கும் ஜனம் நாம். நீ அதிலே கத்தரிக்கோல் வைத்திருக்கிறாய்! வீணாய்ப் போனால் மனுஷனைப் போல அதைப் புதைக்க வேண்டாமா? மிச்சத்தை அனுப்பு. அப்பா பக்கத்தில் புதைக்கிறேன். எனக்கு எண்பத்தொன்று, தாமதிக்காதே.

உன் தம்பி
ஹெஸ்கேல்

•

சிட்னி, 2 மார்ச் 2014

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரப்பிள்ளைகள் உன்னைக் கேட்டார்கள்.

அந்தச் சுருளில் மை உதிர்ந்துவிட்டது, ஓதத் தகாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியில் கிடந்து மக்குவதைவிட நாலு வீட்டுச் சுவரில் இருப்பது மேல் அல்லவா? நாற்பது போய்விட்டன. மீதி இருபதுக்கும் ஆள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத உனக்கு அதில் என்னப்பா நஷ்டம்? வேண்டுமானால் ஒரு நல்ல துண்டு, சட்டம் போட்டே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன் மெனாஷே

•

ரங்கூன், 30 மார்ச் 2014

மெனாஷே,

உன் கடிதத்தைப் பாதியில் நிறுத்தி, "இன்னும் படிக்கணுமா, மாமா?" என்று கேட்டாள் ரிவ்கா.

"படிம்மா. நாத்தம் முழுசா வரட்டும்" என்றேன்.

தாலியா தன் துண்டைக் கொடுத்துவிட்டாள். "அம்மாவுக்கு வேற ஏதாச்சும் வாங்கிக்கிறேன், தாத்தா" என்று கண்ணாடியை அவளே உடைத்தாள். மண்பானையில் வைத்து அப்பா பக்கத்தில் புதைத்தோம். மூட்டைப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார்கள். ஒருவன் மெல்ல, "செத்தது யாரு?" என்றான். "கொஞ்சம்தான் கிடைச்சுது" என்றார் நஃப்தலி. அவன் விழித்தான், ஆனாலும் மண் அள்ளிப் போட்டான். உனக்கு அந்த அளவுகூடக் கை வரவில்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன சட்டம் போட்ட துண்டு வேண்டாம். நீ தொட்டுக் கொடுப்பதை வாங்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் ரிவ்கா இல்லத்து நோட்டைத் திறந்தாள். "உங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும், மாமா? குடும்பத்துல யாரெல்லாம் இருக்காங்க?"

அம்மா நடந்து போன காட்டிலேயே முடிந்தாள். அப்பா இங்கே. தங்கை சாலிஹா போன வருஷம். சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அப்புறம்?"

உன் பெயர் வாய்வரை வந்தது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

"எழுதிக்கோம்மா. உசுரோட இருக்கறது ஒரே ஆள். ஹெஸ்கேல் மோர்தெகாய்."